பிளாட்டினம் அச்சு வெள்ளியைவிடப் பாதுகாப்பானதா?

கேள்வி, தேவகோட்டையிலிருந்து, ஜூன் 2

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் கொஞ்சம் கிடைத்தன. வெள்ளி நைட்ரேட் வைத்து சால்ட் பிரிண்ட், அதாவது உப்பு நீரில் நனைத்த தாளில் வெள்ளிப் படம், போட்டுப் பழகிவிட்டேன். விரலெல்லாம் கறுப்பு, வீட்டில் திட்டு. இனி வெள்ளிக்குப் பதில் பிளாட்டினம், பல்லேடியம் வைத்துப் படம் அச்சிடும் முறைப் பக்கம் போகலாம் என்று பார்க்கிறேன். பிளாட்டினத்தை நகையாகவே போடுகிறார்கள், எதோடும் சேராத உலோகம், கையும் கறுக்காது. வெள்ளியைவிட இதுதான் பாதுகாப்பு என்பது என் கணக்கு. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன். அனுபவம் உள்ள அண்ணன்மார் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு

கணக்கு தப்பு, தம்பி. நகையில் இருப்பது உலோகம், புட்டியில் வருவது உப்பு. படம் விழுந்து, கழுவி, காய்ந்த பிறகு தாளில் மிஞ்சுவது உலோகத் துகள் மட்டும், அதைக் குழந்தை தொட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தூளை நிறுப்பதில் தொடங்கி தாளைக் கழுவி முடிக்கும் வரை உங்கள் கையில் இருப்பது குளோரின் கட்டிய பிளாட்டினம். அது மூச்சில் போகப் போக உடம்பு அதைப் பகையாகப் பார்க்கத் தொடங்கிவிடும். தும்மல், மூக்கில் நீர், கண் அரிப்பு, தோலில் தடிப்பு, அப்புறம் இழுப்பு. அந்த நிலைக்கு வந்துவிட்டவருக்குப் பிறகு கண்ணுக்கே தெரியாத அளவு போதும், எல்லாம் திரும்ப வரும்.

கை கறுக்காது என்பதை நீங்கள் நல்ல குணமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் இதில் மிகவும் கவலை தரும் குணம். வெள்ளி நைட்ரேட் எங்கே சிந்தியது, தாழ்ப்பாளில் பட்டதா, துண்டில் துடைத்தோமா என்பது மறுநாள் வெளிச்சத்தில் தானே தெரிந்துவிடும். பிளாட்டினம் எதையும் காட்டிக்கொடுக்காது. மீதி நாளைக்கு.

ஜூன் 3

'நீங்கள் யார்' என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது கானாடுகாத்தானில் இருக்கிறேன், வீட்டின் இரண்டாம் கட்டில் ஓர் அறையை ஒதுக்கி பல்லேடியம் அச்சு போடுகிறேன். பிளாட்டினமும் போட்டுக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இது புதிதாகக் கிளம்பிய பயம் இல்லை. வில்லியம் வில்லிஸ் என்பவர் இங்கிலாந்தில் 1873-ல் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். அப்புறம் பிளாட்டினம் பூசிய தாள் கடைச்சரக்காகவே வந்து, உலகம் முழுக்க ஸ்டூடியோக்காரர்கள் அதில் அச்சு போட்டார்கள். 1911-ல் அமெரிக்காவில் சிகாகோ நகர ஸ்டூடியோக்களில் இந்தத் தாளோடு வேலை செய்த 40 பேரைப் பரிசோதித்தபோது 8 பேருக்கு மூக்கும் தொண்டையும் எரிச்சல், விடாத தும்மல், இருமல், மூச்சுத் திணறல். பிளாட்டின உப்பால் வரும் நோயைப் பற்றிய முதல் பதிவு எந்தச் சுரங்கத்திலிருந்தும் வரவில்லை, நம்மைப் போலப் படம் அச்சடித்தவர்களிடமிருந்துதான் வந்தது. இதைச் செய்கிறவர்களில் பலருக்கு இது தெரியாது என்பது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

1945-ல் இங்கிலாந்தில் பிளாட்டினம் சுத்திகரிக்கும் தொழிற்சாலைகளில் பார்த்தார்கள். 91 பேரில் 52 பேருக்கு ஏதாவது ஒரு தொல்லை. அதே ஆலைகளில் உலோகத் தூசியில் மட்டும் வேலை செய்தவர்களுக்கு ஒன்றுமில்லை. உலோகம் வேறு, உப்பு வேறு என்று நேற்று சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

ஜூன் 3, மாலை

'ஒரு படத்துக்குச் சில சொட்டுதானே, அதில் என்ன வந்துவிடும்' என்று பள்ளத்தூர்க்காரர் கேட்கிறார். கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம். கரையக்கூடிய பிளாட்டின உப்புக்கு வேலையிடக் காற்றில் வைத்திருக்கும் வரம்பு, கன மீட்டருக்கு 2 மைக்ரோகிராம் பிளாட்டினம். நாம் பயன்படுத்தும் கரைசல் ஏறக்குறைய 20 சதவீதம். ஒரு சொட்டு காய்ந்தால் சுமார் 10 மில்லிகிராம் உப்பு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிளாட்டினம், 4.7 மில்லிகிராம் என்று வையுங்கள். அதை 2 மைக்ரோகிராமால் வகுத்தால் 2,300 கன மீட்டருக்கு மேல் வருகிறது. நம் ஊர் உயரமான அறை ஒன்று, நீளம் அகலம் உயரம் எல்லாம் 4 மீட்டர் என்றாலும் 64 கன மீட்டர்தான். மேசை விளிம்பில் காய்ந்துபோன ஒரே ஒரு சொட்டு முழுதும் தூசியானால் அப்படிப்பட்ட 36 அறைகளின் காற்றை வரம்புக்குக் கொண்டுபோய்விடும். முழுதும் பறக்காது, சரி. நூறில் ஒரு பங்கு பறந்தால்? ஓர் அறையின் மூன்றில் ஒரு பங்கு. இதற்கு வாசனையும் கிடையாது. மிளகாய் வறுத்தால் அடுத்த கட்டுவரை கமறிப்போய் ஆள் எழுந்து வெளியே ஓடுவார், இது அப்படி எதையும் சொல்லாமல் உள்ளே போகும்.

ஜூன் 5

பிளாட்டினத்தை ஏன் விட்டேன் என்பது.

என்னோடு சேர்ந்து அச்சு போட்ட நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம். கை சுத்தமானவர், கையுறை இல்லாமல் எதையும் தொடமாட்டார், தூள் நிறுப்பது எப்போதும் அவர்தான், ஏனென்றால் எனக்குக் கை நடுங்கும். ஒரு வருஷத்துக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை. அப்புறம் அச்சு போடும் நாட்களில் மட்டும் சாயங்காலம் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. பழைய வீடு, வௌவால், தூசி என்று நினைத்தோம். பிறகு ராத்திரி இருமல். மருத்துவரிடம் போனார், தூசி ஒவ்வாமை என்று மாத்திரை கொடுத்தார்கள், இவரும் என்ன வேலை செய்கிறோம் என்று சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. அவர் வீட்டு ஆச்சி ஒருத்திதான் கண்டுபிடித்தாள். 'அந்த அறைக்குப் போகாத வாரத்தில் இருமவே இல்லையே' என்றாள். அவ்வளவு நேரான கேள்வி எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

நிறுத்தினார், சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து, அச்சு எதுவும் போடாமல், கரைசல் பூசும் பழைய பிரஷ்களை எடுத்துப்போக மட்டும் அந்த அறைக்கு வந்தார். காய்ந்த பிரஷ்ஷைக் கையில் எடுத்து மயிரை விரலால் நீவிப் பார்த்தார், எல்லோரும் செய்வதுதான். சில நிமிஷத்தில் கண் சிவந்து, நெஞ்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். இப்போது நன்றாக இருக்கிறார். என் வீட்டுக்கு வந்தால் முகப்போடு சரி, உள்ளே வருவதில்லை.

அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

ஜூன் 6

'அப்படியானால் எந்த வேலை ஆபத்து, எது பரவாயில்லை' என்பது நியாயமான கேள்வி. என் அனுபவத்தில் திரவமாக இருக்கும்வரை பயம் குறைவு, கையுறை போட்டால் போதும். காய்ந்ததுதான் எமன். தூளை நிறுப்பது முதல் ஆபத்து. அடுத்தது பூசிய தாளை ஹேர் டிரையர் வைத்துச் சூடாக ஊதிக் காயவைப்பது. இதைப் பலர் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் தாள் தானாகவே அப்பளமாகக் காய்ந்துவிடும், அதன் மேல் சூடும் ஊதினால் மேற்பூச்சு பொடியாக உதிரும். அச்சுக்கும் அது நல்லதில்லை, தாளில் கொஞ்சம் ஈரம் இருந்தால்தான் கறுப்பு ஆழமாக விழும். திரவம் தாளுக்குள் இழுத்துக்கொள்ளும் வரை இருட்டில் கிடக்கவிடுங்கள், பிறகு தேவையானால் குளிர்ந்த காற்று. பிரஷ்ஷை வேலை முடிந்த அந்த நிமிஷமே தண்ணீரில் அலசுங்கள், காயவிடாதீர்கள். நான் இப்போது கரைசலைத் தாளில் கண்ணாடிக் குச்சியால்தான் இழுக்கிறேன். மருந்தும் குறைவாகச் செலவாகும், மயிரில் தங்குவதும் இல்லை.

அறையைப் பெருக்கவே கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அந்தத் துணி மற்ற துணியோடு சேரக்கூடாது.

ஜூன் 6, இன்னொன்று

முகக்கவசம் போதுமா என்று கேட்டவருக்கு: துணிக் கவசம் எதற்கும் ஆகாது. தூசிக்கென்று செய்த என்95 முகத்தோடு ஒட்டி உட்கார்ந்தால் உதவும், தாடி இருந்தால் ஒட்டாது. ஆனால் கவசத்தை நம்பித் தூளை நிறுப்பதைவிடத் தூளையே வாங்காமல் இருப்பது மேல். கரைசலாக விற்கிறார்கள், விலை கொஞ்சம் கூட, கொடுக்கலாம்.

புகை பிடிப்பவர்களுக்கு இந்த ஒவ்வாமை பிடிக்கும் வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது என்று சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்களிடம் பார்த்திருக்கிறார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் 9

தனிப்பட்ட முறையில் எழுதிய ஒருவர், 'நான் பல்லேடியம் மட்டும்தான், எனக்கு இதெல்லாம் பொருந்தாது' என்கிறார். கான்ட்ராஸ்டுக்கு, அதாவது கறுப்பு வெளுப்பு வேறுபாட்டைக் கூட்ட, என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். என்.ஏ.2 ஒரு சொட்டு என்றார்.

ஐயா, என்.ஏ.2 என்பது சோடியம் ஹெக்ஸாகுளோரோபிளாட்டினேட். இந்த நோயை உண்டாக்குவதில் முதல் வரிசையில் நிற்கும் உப்பு வகை அது. பல்லேடியக்காரர்கள் தங்களுக்கே தெரியாமல் பிளாட்டினத்தைத் தொடுவது இந்த ஒரு சொட்டின் வழியாகத்தான். புட்டியில் பெயரைச் சுருக்கி எழுதிவிடுவதால் உள்ளே இருப்பது என்ன என்று யாரும் பார்ப்பதில்லை. இதற்கு மாற்று சுலபம். கான்ட்ராஸ்டை நெகட்டிவிலேயே கொண்டுவந்துவிடுங்கள். கண்ணாடி நெகட்டிவை ஸ்கேன் செய்து, பல்லேடியத்துக்கு ஏற்றபடி கறுப்பு வெளுப்பு அளவைத் திருத்திப் பிலிமில் அச்சிட்டுக்கொண்டால் கரைசலில் எதையும் சேர்க்க வேண்டாம். நான் அப்படித்தான் செய்கிறேன். அசல் கண்ணாடியும் வெயிலில் கிடந்து வேகாது.

பல்லேடியத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதன் உப்பு மூச்சை இந்த அளவுக்குத் தாக்குவதில்லை, ஆனால் தோல் ஒவ்வாமை தரும். கவரிங் கம்மல் போட்டால் காது புண்ணாகிறவர்கள், அதாவது நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள், பல்லேடியத்திலும் கவனமாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருவது அதிகம். நைட்ரைல் கையுறை, அதையும் கிழியும்வரை போட்டுக்கொண்டிருக்காமல் மாற்றுங்கள்.

ஜூன் 10

பிளாட்டினத்தை இவ்வளவு திட்டியதைப் படித்துவிட்டு ஒருவர் 'அப்போ வெள்ளி நைட்ரேட் தங்கம்' என்று எழுதியிருக்கிறார். இல்லை. அது கண்ணில் தெறித்தால் பார்வை போகும். சால்ட் பிரிண்டோ, முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளில் போடும் ஆல்புமன் படமோ, எது செய்தாலும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் புட்டியைத் திறக்காதீர்கள். கண் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

வெள்ளிக் கரைசலில் அமோனியா சேர்க்கும் பழைய குறிப்புகளும் உண்டு. கலந்த கரைசலை எடுத்துவைக்கவே கூடாது, நின்று காய்ந்தால் வெடிக்கும் பொருள் உண்டாகும். தங்கக் குளோரைடும் அப்படியே. ஆல்புமன் படத்துக்கு அந்த ஊதாக் கறுப்பு தங்க டோனிங்கில், அதாவது தங்கக் கரைசலில் நனைத்து நிறம் ஏற்றுவதில்தான் வருகிறது, அழகுதான், ஆனால் அந்தக் கரைசலோடு அமோனியா சேர்ந்தால் உண்டாகும் வண்டல் காய்ந்த பிறகு லேசான உராய்விலேயே வெடிக்கும். தங்கப் புட்டியும் அமோனியாப் புட்டியும் ஒரே அலமாரியில் வேண்டாம்.

ஜூன் 14

இன்று நேரில் நடந்தது. தெரிந்த பத்தர் ஒருவர் பட்டறைக்குப் போயிருந்தேன். பேச்சுவாக்கில் என் டெவலப்பரின், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலின், வண்டலில் பல்லேடியமும் பழைய பிளாட்டினமும் இருப்பதைச் சொன்னேன். 'கொண்டாருங்க அண்ணே, ராஜதிராவகத்துல போட்டுப் பிரிச்சுத் தர்றேன்' என்றார். நல்ல மனசோடு சொன்னார், தங்கத்தில் அவர் கை தேர்ந்தவர். ஆனால் ராஜதிராவகம் என்ற அந்த அமிலக் கலவை உலோகப் பிளாட்டினத்தைக் கரைத்தால் கிடைப்பது குளோரோபிளாட்டினிக் அமிலம். அதில் நவச்சாரம் போட்டால் மஞ்சளாக இறங்குவதுதான் இங்கிலாந்து ஆலைக்காரர்களைப் படுத்திய உப்பு. ஆபத்தில்லாத உலோகத்தைப் பிடித்து மறுபடி ஆபத்தான உப்பாக்கும் வேலை. அதுவும் சின்னப் பட்டறையில், கரியடுப்புப் பக்கத்தில், பையன் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருக்கும் இடத்தில்.

உட்கார்ந்து முழுதும் விளக்கிச் சொல்லிவிட்டு வந்தேன். கேட்டுக்கொண்டார். வண்டலை நான் மூடிய புட்டியில் ஈரமாகவே சேர்த்து வைக்கிறேன், கணிசமாகச் சேர்ந்த பிறகு இதற்கென்று வசதி உள்ள சுத்திகரிப்பாளரிடம்தான் போகும். நீங்களும் உங்கள் ஊர்ப் பத்தரிடம் கொடுக்காதீர்கள்.

ஜூன் 15

வீட்டிலிருக்கும் பழைய படங்களால் ஆபத்து உண்டா என்று கேட்டவருக்குச் சுருக்கமான பதில்: சுவரில் மாட்டியிருக்கும் ஐயா, அப்பத்தா படங்களால் யாருக்கும் ஒன்றும் வராது. பர்மாவிலும் மலாயாவிலும் எடுத்து அனுப்பிய படங்களில் பெரும்பாலும் வெள்ளிதான் இருக்கும், சிலவற்றில் தங்க டோனிங் இருக்கும். பிளாட்டினப் படமாகவே இருந்தாலும் அது உலோகம். ஆல்பத்தில் எதிர்ப்பக்கத் தாளில் படத்தின் நிழல் பழுப்பாகப் பதிந்திருந்தால் பிளாட்டினமாக இருக்க வாய்ப்பு உண்டு. அதைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்துங்கள்.

ஜூன் 20

அச்சு வேலையை வீட்டில் எந்த இடத்தில் வைத்துக்கொள்வது என்று கேட்டதற்கு.

வளவில் வேண்டாம். முற்றத்துக் காற்று நல்லதுதானே என்று தோன்றும், ஆனால் அது சுற்றியுள்ள எல்லா அறைக்கும் போகும் காற்று. குழந்தை தவழும் தரையும் அதுதான். ஆத்தங்குடிக் கல் வழவழப்பாக இருப்பதால் துடைத்தால் போய்விடும் என்று நினைக்காதீர்கள், இணைப்பில் தங்கும். பின்கட்டில் தனி அறை, வெளிப்பக்கம் பார்த்த ஜன்னல், உள்பக்கக் கதவு சாத்தியிருக்க வேண்டும். பூசும்போதும் காயவைக்கும்போதும் மின்விசிறி நிற்கட்டும். மே மாதம் அது கொடுமைதான். நான் விடிகாலையில் பூசி முடித்துவிடுவேன். வெளிச்சம் காட்டுவதற்குத்தான் நம் ஊர் வெயில் இருக்கிறதே, நெகட்டிவும் தாளும் வைத்த பிரேமை மூடி எடுத்துப்போய் முற்றத்தில் வைக்கலாம், மூடியிருக்கும்வரை பயமில்லை. அந்த அறைக்கென்று ஒரு சட்டை, ஒரு செருப்பு. குழந்தையைத் தூக்குமுன் சட்டையை மாற்றிவிடுங்கள்.

கழுவிய தண்ணீர் இன்னொரு தலைவலி. பழைய வீடுகளில் முற்றத்துத் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? மழைநீரை ஊரணிக்குக் கொண்டுபோகத்தான் அந்தக் காலத்தில் வழி கட்டினார்கள். வெள்ளி அயனி மிகச் சிறிய அளவிலேயே மீன்களைக் கொல்லும். முதல் கழுவு நீரை வாளியில் பிடியுங்கள். வெள்ளியானால் சாதா உப்பைப் போட்டால் தயிராகத் திரிந்து அடியில் உட்காரும், தெளிவை மட்டும் வடியுங்கள். பல்லேடிய டெவலப்பரைக் கொட்டவே வேண்டாம், குறைந்த அளவுக்குப் புதிதாகச் சேர்த்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓட்டலாம்.

ஜூன் 28

எல்லோரும் பிளாட்டினத்தையும் வெள்ளியையுமே பேசிக்கொண்டிருக்கிறோம், மற்ற மருந்துகளும் நிரபராதி இல்லை. டெவலப்பரில் இருக்கும் பொட்டாசியம் ஆக்சலேட், தாளில் பூசும் கரைசலில் கலக்கும் ஃபெர்ரிக் ஆக்சலேட் என்ற இரும்பு உப்பு, இரண்டும் உள்ளே போனால் உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சிறுநீரகத்தில் படியும். ஆக்சாலிக் அமிலத்தையும் பொட்டாசியம் கார்பனேட்டையும் கலந்து வீட்டிலேயே டெவலப்பர் தயாரிப்பவர்கள் கவனிக்க: நுரைத்துப் பொங்கும்போது நுண்ணிய துளிகள் மூஞ்சிக்கு வரும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், குனிந்து பார்க்காதீர்கள். சூடுபடுத்தச் சமையல் பாத்திரத்தை எடுக்கவே கூடாது. நம் வீடுகளில் எவர்சில்வர் சட்டி ஒன்று எப்போதும் சும்மா கிடக்கும், கை தானாக அதற்குப் போகும்.

பழைய குறிப்புகளில் கான்ட்ராஸ்டுக்கு டைகுரோமேட் இருக்கும், அது புற்றுநோய் தரும் குரோமியம், தேவையே இல்லை. பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சிவகாசி பக்கத்தில் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, கந்தகம், சர்க்கரை, காகிதத்தூள் எதோடும் சேர்த்து அரைக்கக் கூடாது. பழுப்பு நிறத்துக்கு மெர்க்குரிக் குளோரைடு சேர்க்கச் சொல்லும் குறிப்பும் உண்டு, கொடிய விஷம், அந்தப் பக்கத்தையே தாண்டிப் போங்கள். கடைசியில் தாளில் மிஞ்சும் இரும்பைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்குப் பதில் சிட்ரிக் அமிலமும், இரும்பைப் பிடித்து இழுக்கும் இடிடிஏ என்ற உப்பும் போதும்.

ஜூலை 4

தேவகோட்டைத் தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். பிளாட்டின உப்பு ஒரு புட்டி ஏற்கெனவே வாங்கிவிட்டாராம், தூளாக, இன்னும் பிரிக்கவில்லை. சின்ன வயதில் இழுப்பு இருந்தது என்பதையும் இப்போதுதான் சொல்கிறார்.

தம்பி, அதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை பத்தி எழுதியிருக்கமாட்டேன், வேண்டாம் என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். வேறு யாராவது தூளை வாங்கியிருந்தால், நிறுக்காமல் அதே புட்டிக்குள் வெதுவெதுப்பான நீரை அளந்து விட்டுக் கரைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வேன், எடை லேபிளில் இருக்கும். உங்களுக்கு அதுவும் வேண்டாம். ஏற்கெனவே இழுத்துப் பழகிய நெஞ்சு, இதில் விளையாடாதீர்கள். பிரிக்காத புட்டியை விற்றவரே திரும்ப எடுப்பாரா என்று கேளுங்கள். அந்தக் காசுக்குப் பல்லேடியம் கரைசலாக வரும், என்.ஏ.2 வேண்டாம், நெகட்டிவை ஸ்கேன் செய்துகொண்டு கானாடுகாத்தானுக்கு வாங்க, முதல் சில படங்களை இங்கேயே போட்டுப் பார்க்கலாம்.

அதிலும் அச்சு போட்ட நாளில் தும்மலோ ராத்திரி இருமலோ வந்தால் உடனே நிறுத்துங்கள். மருத்துவரிடம் போகும்போது 'போட்டோ வேலை' என்று சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. புட்டி லேபிளைப் போனில் படம் எடுத்துக் காட்டி, எந்த நாளில் அச்சு போட்டீர்கள், எந்த நேரத்தில் இருமல் வந்தது என்று குறித்த தாளையும் கொடுங்கள்.